கஷ்ட காலத்தில் கடவுள் துணை

(வட்டார அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு முன்னால பேசினவங்க வங்கிக் கடன் பத்தியும் ஆட்டுக்கொட்டகை பத்தியும் கணக்கோட பேசினாங்க. எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு "கஷ்ட காலத்தில் கடவுள் துணை". இதுக்குக் கணக்கு இல்லை, தீர்மான நோட்டிலும் எழுத முடியாது. ஆனா நம்ம குழுக் கூட்டம் எதுலயும் இந்தப் பேச்சு வராம இருந்ததில்லை. "சாமி எனக்கு மட்டும் ஏன் கண்ணைத் திறக்க மாட்டேங்குது?" இந்தக் கேள்வியைக் கேட்காத உறுப்பினர் யாராவது இருந்தா கையைத் தூக்குங்க பார்ப்போம். ஒருத்தர் கூட இல்லை. நானும் கேட்டவதான். அதனால பெரிய ஞானம் பேச வரலை. நமக்குள்ள பேசிக்கிற மாதிரி பேசிட்டு உட்கார்ந்துடுறேன்.

நம்ம பக்கம் வானம் பார்த்த பூமி. மிளகாய், பருத்தி, குதிரைவாலி எதைப் போட்டாலும் ஐப்பசி கார்த்திகை மழையை நம்பித்தான் போடுறோம். கிருதுமால் நதியில தண்ணி விடுவாங்களா, விட்டாலும் நம்ம கண்மாய் வரைக்கும் வந்து சேருமான்னு வருஷா வருஷம் கேட்கிறோம். மழை பொய்ச்சுட்டா சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுறோம். இல்லேன்னா நூறு நாள் வேலை. அதுவும் இல்லேன்னா வீட்டு ஆம்பளை திருப்பூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏறிடுறாங்க. ஏமாற்றம்ங்கிறது நமக்கு எப்பவாவது வர்ற விருந்தாளி இல்லை. கூடவே குடியிருக்கிற ஆளு.

2016ஆம் வருஷம் வடகிழக்கு மழை பொய்த்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2017 ஜனவரியில தமிழ்நாடு முழுக்க வறட்சின்னு அரசாங்கமே அறிவிச்சது. எங்க புஞ்சையில மிளகாய்ச் செடி முழங்கால் உயரத்துல நின்னபடியே கருகிடுச்சு. அதே தை மாசம் என் வீட்டுக்காரர் மஞ்சள்காமாலை முத்திப்போய் இறந்துட்டார். பெரியவ ஒன்பதாவது படிச்சா, சின்னவன் ஆறாவது. ஆஸ்பத்திரியில அவர் கிடந்த பதினொரு நாளும் நான் வேண்டாத சாமி இல்லை. திருச்சுழி கோயிலுக்கு நேர்ந்துக்கிட்டேன், இருக்கன்குடி மாரியம்மாளுக்குத் தீச்சட்டி எடுக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன், எங்க குலதெய்வம் அய்யனாருக்கு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வச்சேன். எதுவும் நடக்கலை. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு சொந்தக்காரங்க எல்லாம் போனப்புறம், அந்த மஞ்சத்துணியை எடுத்துப் பரண்ல எறிஞ்சேன். இனிமே சாமியும் வேணாம், பூதமும் வேணாம்னு இருந்தேன்.

துக்கத்தை விட எனக்கு வலிச்சது வேற. வந்தவங்க கேட்ட கேள்வி. "என்ன பாவம் செஞ்சியோ தாயி", "எந்தச் சாமிக் குத்தமோ", "நேர்ச்சை எதையாவது பாக்கி வச்சிருந்தியா?" ஆறுதல் சொல்ல வந்தவங்கதான் இதையெல்லாம் கேட்டது. செத்தது அவர், விசாரணை எனக்கு.

சரி, என் கதை போதும். இங்க உட்கார்ந்திருக்கிற பாதிப் பேருக்கு இதைவிடப் பெரிய கதை இருக்கு. இப்ப நம்ம பக்கத்து ஊரு பொம்பளை ஒருத்தரைப் பத்திச் சொல்றேன். அவங்க பேரு அழகம்மாள்.

திருச்சுழின்னா ரமண மகரிஷி பிறந்த ஊருன்னு எல்லாருக்கும் தெரியும். திருமேனிநாதர் கோயில் பக்கத்துல அவர் பிறந்த வீட்டை இப்பவும் பார்க்கலாம். 1879 டிசம்பர் 30ஆம் தேதி அவர் பிறந்தார். மகரிஷியைப் பத்தி நிறையப் பேர் பேசியிருக்காங்க. நான் பேசப் போறது அவரைப் பெத்தவளைப் பத்தி. "அவுக வக்கீல் வீட்டம்மா, நமக்கும் அவுகளுக்கும் என்ன?"ன்னு நினைக்காதீங்க. 1892ல புருஷன் சுந்தரம் ஐயர் இறந்தப்ப, அழகம்மாள் கையில நாலு பிள்ளைங்க. மூணு பையன், ஒரு பொண்ணு. மூத்தவனுக்கே பதினஞ்சு வயசு இருக்கும். வீடு கலைஞ்சது. பெரிய பையன் ரெண்டு பேரும் மதுரையில சித்தப்பா வீட்டுக்கு, சின்னது ரெண்டையும் கூட்டிக்கிட்டு அம்மா மானாமதுரையில கொழுந்தன் வீட்டுக்கு. புருஷன் போனதும் பிள்ளைகளை ஆளுக்கொரு வீட்டுல பிரிச்சு விடுற அந்த வேதனைக்கு சாதி ஏது, காலம் ஏது?

நாலு வருஷம் கழிச்சு, 1896 ஆகஸ்ட் 29ஆம் தேதி, மதுரையில படிச்சுக்கிட்டிருந்த ரெண்டாவது மகன் வெங்கடராமன் ஒரு சீட்டு எழுதி வச்சுட்டு வீட்டை விட்டுப் போயிட்டான். வயசு பதினாறு. எங்க போனான்னு ரெண்டு வருஷம் தகவல் இல்லை. காணாமப் போன பிள்ளையை நினைச்சுத் தூங்காத தாய் யாராவது இங்க இருந்தா, அந்த ரெண்டு வருஷம் எவ்வளவு நீளம்னு அவங்களுக்குத் தெரியும்.

1898ல மகன் திருவண்ணாமலையில சாமியாரா இருக்கான்னு தகவல் வந்தது. முதல்ல கொழுந்தன் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார், வரலை. அந்த வருஷக் கடைசியில மூத்த மகனைக் கூட்டிக்கிட்டு அழகம்மாளே போனாங்க. பவழக்குன்றுல மகன் சடைமுடியோட, பேசாம உட்கார்ந்திருக்கார். தாய் நாள் கணக்கா அழுது கெஞ்சுறாங்க. வா சாமி, வீட்டுக்கு வான்னு. மகன் வாய் திறக்கலை. பக்கத்துல இருந்தவங்க மனசு பொறுக்காம, ஒரு சீட்டுலயாவது பதில் எழுதிக் குடுங்கன்னு கேட்டிருக்காங்க. எழுதிக் குடுத்தார். அவரவர் வினைப்படி நடக்க வேண்டியது நடக்கும், யார் தடுத்தாலும் நிக்காதுங்கிற கருத்துல ஒரு பதில். அந்தச் சீட்டு பெரிய தத்துவமா இருக்கலாம். ஆனா அந்தத் தாய்க்கு அன்னைக்கு அது ஆறுதலா இருந்திருக்குமா? எனக்கு அப்படித் தோணலை. கேட்டது கிடைக்கலை. வெறுங்கையோட ஊருக்குத் திரும்பினாங்க.

திரும்பி வந்து ரெண்டு வருஷத்துல, 1900ல, கூட வந்த மூத்த மகனும் இறந்துட்டார். அப்புறம் ஆதரவா இருந்த கொழுந்தனும் போனார். 1915ல கடைசி மகனோட மனைவி இறந்தா. ஒண்ணு மாத்தி ஒண்ணு. "என்ன பாவம் செஞ்சாளோ"ன்னு அழகம்மாளையும் ஊர் கேட்காமலா இருந்திருக்கும்?

இதுக்கு நடுவுல ஒரு விஷயம் நடந்தது. அதைத்தான் நீங்க முக்கியமா கவனிக்கணும். 1914ல திருப்பதி போயிட்டுத் திரும்புற வழியில மகனைப் பார்க்கப் போன இடத்துல அழகம்மாளுக்குக் கடுமையான காய்ச்சல். மகன் பக்கத்துலயே இருந்து பார்த்துக்கிட்டார். அதோட நிக்கலை, அம்மாவோட நோயைத் தீர்த்து வைன்னு அருணாசலத்தை வேண்டிப் பாட்டு எழுதினார். நடக்கிறது நடந்தே தீரும்னு அன்னைக்கு எழுதிக் குடுத்தவரே, அம்மா காய்ச்சல்ல கிடந்தப்ப சாமிகிட்ட வேண்டுறார்! அந்தத் தடவை அம்மா பிழைச்சுட்டாங்க. அவ்வளவு பெரிய ஞானியே வேண்டியிருக்கார்னா, நாம வேண்டுறது மட்டும் எப்படி அறியாமையாகும்?

1916ல அழகம்மாள் திருவண்ணாமலைக்கே போயிட்டாங்க. இந்தத் தடவை மகனை வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வர இல்லை, கூடவே இருக்க. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால போனப்ப "வா"ன்னு சொன்னாங்க. இப்ப "இருக்கேன்"னு சொல்லிட்டுப் போனாங்க. அங்க கந்தாசிரமத்துல அடுப்பு மூட்டி, இருந்தவங்களுக்கும் வந்தவங்களுக்கும் சமைச்சுப் போட்டாங்க. மகன் தனக்கு மட்டும் மகனா இருக்கணும்னு வந்தவங்க, கடைசியில ஒரு மலை நிறைய பேருக்குத் தாயா இருந்தாங்க.

1922 மே 19ஆம் தேதி அவங்க கடைசி நாள். அன்னைக்கு முழுக்க மகன் பக்கத்துல உட்கார்ந்து, ஒரு கையை அம்மா நெஞ்சு மேலயும் இன்னொரு கையைத் தலை மேலயும் வச்சிருந்தார். ராத்திரி எட்டு மணி சுமாருக்கு மூச்சு அடங்குற வரைக்கும் கையை எடுக்கலை. அவங்களை அடக்கம் செஞ்ச இடத்துலதான் இன்னைக்கு ரமணாசிரமத்து மாத்ருபூதேஸ்வரர் கோயில் இருக்கு. 1949 மார்ச்சுல கும்பாபிஷேகம் ஆச்சு. நம்ம திருச்சுழியில விதவையா நின்ன ஒரு பொம்பளை இருக்கிற இடத்துல இன்னைக்குப் பூசை நடக்குது.

இதைப் படிச்சப்ப எனக்கு ஒண்ணு விளங்குச்சு. அழகம்மாள் கேட்டது எதுவும் கேட்டபடி கிடைக்கலை. புருஷன் திரும்பலை, மூத்த மகன் திரும்பலை, ரெண்டாவது மகனும் வீட்டுக்கு வரலை. ஆனா கடைசி மூச்சு வரைக்கும் நெஞ்சுல ஒரு கை இருந்தது. கடவுள் துணைங்கிறது அதுதான்னு நான் நினைக்கிறேன். கஷ்டத்தை எடுத்துடுறது இல்லை, கஷ்டத்துல நம்மளைத் தனியா விடாம இருக்கிறது.

திருச்சுழி கோயில்ல அம்மன் பேரு என்ன? துணைமாலையம்மன். வடமொழியில சகாயவல்லி. சகாயம்னாலும் துணைதான், உதவிதான். நம்ம குழுவுக்கு என்ன பேரு? சுய உதவிக் குழு. அம்மன் பேருலயும் உதவி இருக்கு, நம்ம பேருலயும் உதவி இருக்கு. நம்ம பக்கத்துச் சாமி "நான் தீர்த்து வைக்கிறவ"ன்னு பேரு வச்சுக்கலை. "கூட இருக்கிறவ"ன்னுதான் பேரு வச்சிருக்கா.

திருச்சுழியைப் பாடின சுந்தரர் கதையும் இதையேதான் சொல்லுது. திருவொற்றியூர்ல குடுத்த வாக்கை மீறினதால அவருக்குக் கண் பார்வை போயிடுச்சு. வழியில வெண்பாக்கம் கோயில்ல நின்னு, கண்ணைக் குடுன்னு கேட்டார். சாமி கண்ணைக் குடுக்கலை. ஊன்றுகோல் ஒண்ணைக் குடுத்து, இங்கதான் இருக்கேன், நீ போன்னு அனுப்பிட்டார். சுந்தரருக்குக் கோபம் வந்தது. கோபத்தைப் பாட்டாவே பாடிட்டார். ஆனா கோலை எறியலை, ஊன்றி நடந்தார். காஞ்சிபுரத்துல ஒரு கண்ணு, திருவாரூர்ல இன்னொரு கண்ணு கிடைச்சது. அதுக்கப்புறம் சேரமான் பெருமாளோட பாண்டிய நாட்டுக்கு வந்தப்பதான் திருச்சுழிக்கும் வந்தார்னு பெரிய புராணம் சொல்லுது. கண் கேட்டவருக்கு முதல்ல கிடைச்சது கோல்தான். கோல் இல்லேன்னா காஞ்சிபுரம் வரைக்கும் நடந்திருக்க முடியாது.

எனக்குக் கிடைச்ச கோல் எது தெரியுமா? காரியம் முடிஞ்சு வீடு வெறிச்சோடிப் போன அந்த வாரம், எங்க குழுவுல ஆறு பேரு வந்து திண்ணையில உட்கார்ந்தாங்க. ஒருத்தரும் பாவம், புண்ணியம் பேசலை. ஒரு அக்கா உள்ள போய் உலை வச்சாங்க. ஒருத்தி சின்னவனுக்குத் தலை வாரி விட்டா. என் சந்தாவை மூணு மாசம் அவங்களே கட்டி, உள்கடன் தவணையை அறுவடை வரைக்கும் தள்ளி வச்சு தீர்மானம் போட்டுட்டு வந்திருந்தாங்க. அன்னைக்கு ராத்திரி பரண்ல எறிஞ்ச மஞ்சத்துணியை நானே எடுத்து சாமி படத்துக்குக் கீழே வச்சேன். யாரும் சொல்லலை. வைக்கணும்னு தோணுச்சு.

இது இந்துக்களுக்கு மட்டும் சொல்றதில்லை. நம்ம கூட்டமைப்புல ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்குப் போறவங்க இருக்காங்க, ஏர்வாடி தர்காவுக்குப் போறவங்க இருக்காங்க. எந்தக் கோயில் வாசல்ல போய் நின்னு பாருங்க, கண்ணீரோட நிக்கிறதுல பாதிக்கு மேல பொம்பளைங்கதான். கும்பிடுற பேரு வேற, அழுகிற அழுகை ஒண்ணுதான்.

இப்ப, உங்ககிட்ட நான் கேட்டுக்கிறது நாலு விஷயம்.

முதலாவது. சாமிகிட்ட கோபப்பட்டா குத்தம்னு யாரையும் பயமுறுத்தாதீங்க. சுந்தரர் கோபப்பட்டார். அழகம்மாள் அழுதாங்க. கோபப்படுறவ சாமியை விட்டுப் போகலை, சாமிகிட்டதான் பேசிக்கிட்டிருக்கா.

ரெண்டாவது. கஷ்டப்படுறவகிட்ட "என்ன பாவம் செஞ்ச"ன்னு கேட்கிற பழக்கத்தை இன்னையோட விடுவோம். மழை பொய்ச்சது அவ பாவமா? அப்ப பக்கத்துப் புஞ்சைக்காரி என்ன பாவம் செஞ்சா? தாலியறுத்தவளை விசேஷ வீட்டுல ஓரமா நிறுத்துறதையும் விடுவோம். அதைச் செய்யறது சாமி இல்லை, நாம.

மூணாவது. சாமி துணை இருக்குன்னு மத்த துணையை விட்டுடாதீங்க. கோயிலுக்கு நேர்ந்துக்கோங்க, ஆஸ்பத்திரிக்கும் போங்க. பரிகாரம் செய்யறேன்னு ஆயிரக்கணக்குல கேட்கிறவங்களுக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்காதீங்க. அதுக்குப் பதிலா வங்கிக் கணக்குல வருஷத்துக்கு 436 ரூபாய் பிடிக்கிற ஜீவன் ஜோதி காப்பீட்டுல வீட்டுக்காரரையும் சேர்த்து விடுங்க. இறந்தா குடும்பத்துக்கு ரெண்டு லட்சம் வரும். 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் இருக்கு. ஆதரவில்லாத விதவைக்கு மாசம் 1,200 ரூபாய் உதவித்தொகை உண்டு. எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் தாலுகா ஆபீசுக்குக் கூடப் போனாலே பாதி வேலை முடிஞ்சது. மனசு ரொம்பப் பாரமாகி உயிரை விட்டுடலாம்னு தோணுச்சுன்னா 104க்கு போன் பண்ணுங்க. வீட்டுல அடி உதைன்னா 181. போன் பண்றது சாமி மேல நம்பிக்கை இல்லாததனால இல்லை. அதுவும் ஒரு கோல்தான்.

நாலாவது, கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. சாவு வீட்டுக்கு நாம எல்லாரும் முதல் நாள் போறோம். ஆனா வீடு வெறிச்சோடுறது காரியம் முடிஞ்ச மறுநாள். அன்னைக்குத்தான் அந்தப் பொம்பளைக்கு ஆள் வேணும். அதனால ஒவ்வொரு குழுவிலும் ரெண்டு பேரை நியமிப்போம். ஒரு உறுப்பினர் வீட்டுல சாவு, பயிர் சேதம், பிள்ளை பரீட்சையில தவறினது, எதுவா இருந்தாலும் எல்லாரும் போனப்புறம் இவங்க போகணும். தவணையைப் பத்திப் பேசக்கூடாது, புத்திமதி சொல்லக்கூடாது. உலை வைக்கணும், பக்கத்துல உட்காரணும். இதுக்குப் பணம் தேவையில்லை. இதை இந்தக் கூட்டத்துலயே தீர்மானமா எழுதணும்னு கேட்டுக்கிறேன்.

மழை நம்ம கையில இல்லை. விலை நம்ம கையில இல்லை. உயிரும் நம்ம கையில இல்லை. ஆனா அழகம்மாள் நெஞ்சு மேல இருந்த மாதிரி ஒரு கையை வைக்கிறது நம்ம கையிலதான் இருக்கு. சாமி எங்க இருக்குன்னு கேட்கிற ஒரு பொம்பளைக்கு நாம வாயால பதில் சொல்ல வேணாம். போய்ப் பக்கத்துல உட்கார்ந்தா போதும், துணைமாலையம்மா வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.